தோட்டத்து வாய்க்கால் கெட்டால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓடும் வாய்க்கால்களில் பெரும்பாலானவை கடைசியில் சுங்கை சிலாங்கூரில் போய் விழுகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீரில் பாதிக்கு மேல் அந்த ஒரே ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் என்ற சிற்றாற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. சுங்கை சிலாங்கூரின் 3 கட்டச் சுத்திகரிப்பு நிலையங்களையும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையத்தையும் மூட வேண்டியதாயிற்று. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது. அது தோட்டத்திலிருந்து வந்த கழிவு அல்ல. ஆனாலும் ஒரு சின்ன ஓடையில் விழுவது எத்தனை வீட்டுக் குழாய் வரை போகும் என்பதை அன்று எல்லாரும் கண்டோம். அதனால் "நம்மிடம் இருப்பதே ஐந்து ஏக்கர், நம் வாய்க்காலால் என்ன ஆகிவிடும்" என்று யாரும் எண்ண வேண்டாம்.

இது சொந்தமாகச் செம்பனை வைத்திருப்பவர்களுக்கும், லயத்துப் பின்னால் மாடு வளர்ப்பவர்களுக்கும், உரமும் மருந்தும் போடும் ஆட்களை நடத்தும் மண்டோர்களுக்கும் எழுதியது. தண்ணீரில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்துள்ள பகுதியை மட்டும் எல்லாரும் படியுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

தண்ணீர் கெட்டது தெரிந்ததும் நம் ஆட்கள் செய்வது இரண்டு: சுண்ணாம்பு வாங்கிக் கொட்டுவது, இல்லாவிட்டால் பேக்கோவைக் கூப்பிட்டு வாய்க்காலை இன்னும் ஆழமாகத் தோண்டுவது. காரணம் தெரியாமல் செய்தால் முதலாவது வீண் செலவு. இரண்டாவது, நம் கடலோர மண்ணில், பெரிய கேட்டையே கொண்டுவந்துவிடும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

தேவையானவை கொஞ்சம்தான். நிறமில்லாத பிளாஸ்டிக் புட்டிகள், தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாள் (மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்), நீளமான ஒரு குச்சி, ரப்பர் பூட்ஸ். வாய்க்கால் உங்கள் நிலத்தை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு புட்டி பிடியுங்கள். அங்கிருந்து தண்ணீர் வரும் திசையில் மேலே நடங்கள். இரண்டு வாய்க்கால்கள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கிளையிலும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். எந்தக் கிளையில் அறிகுறி இருக்கிறதோ அதன் வழியே போங்கள். ஓரிடத்தில் அறிகுறி மறைந்துவிடும். அந்த இடத்துக்கும் அதற்கு முன் புட்டி பிடித்த இடத்துக்கும் நடுவில்தான் காரணம் இருக்கிறது.

இதையே இரண்டு வேளையில் செய்யுங்கள்: மழையில்லாத நாளில் ஒரு முறை, நல்ல மழை தொடங்கிய அரை மணிக்குள் ஒரு முறை. மழையில் மட்டும் கெடுகிறதென்றால் நிலத்தின் மேலிருக்கும் ஏதோ ஒன்று அடித்து வருகிறது. மண், உரம், சாணம் இவற்றில் ஒன்று. வெயில் நாளிலும் கெட்டே ஓடுகிறதென்றால் யாரோ எதையோ விடுகிறார்கள், அல்லது மண்ணுக்கு அடியிலிருந்து ஊறி வருகிறது. பாதித் தேடல் இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடும்.

மழை பெய்ததும் தண்ணீர் தே தாரிக் நிறமாகிறது

போவது உங்கள் மேல்மண். மண்ணோடு பாஸ்பேட் உரமும் ஒட்டிக்கொண்டு போகிறது. பாறைப் பாஸ்பேட் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. மண் துகளைப் பிடித்துக்கொண்டுதான் பயணம் செய்யும். மண்ணை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

பிடித்த புட்டியை ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்திருந்தால், வாய்க்கால் வழியில் வண்டல் குழி வெட்டுவது பலன் தரும். தண்ணீர் குழிக்குள் வேகம் குறைந்து மண்ணை விட்டுவிட்டுப் போகும். குழி பாதி நிறைந்ததும் அள்ளி மரத்தடியில் போட வேண்டும். நிறைந்த குழியால் பயனில்லை. மாறாக, மறுநாளும் புட்டி கலங்கலாகவே இருந்தால் அது நுண்களிமண். எத்தனை குழி வெட்டினாலும் அது தாண்டிப் போய்விடும். புறப்படும் இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும், அதாவது நிலத்தை மூட வேண்டும்.

எங்கிருந்து புறப்படுகிறது? மறுநடவு செய்த நிலத்தை முதலில் பாருங்கள். பழைய மரங்களைச் சாய்த்து முடித்ததும் மூடுபயிர் விதைக்காமல் விட்ட நிலத்தில் ஒவ்வொரு மழையும் மண்ணை அள்ளிக்கொண்டு போகும். பியூரேரியாவோ முக்குனா கொடியோ படர்ந்துவிட்டால் மழைத்துளி நேரே மண்ணில் அடிக்காது. அவை பயறு இனம் என்பதால் காற்றிலிருந்து தழைச்சத்தையும் சேர்க்கும். வளர்ந்த தோட்டத்தில் வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்காக அடுக்குங்கள். சரிவின் போக்கிலேயே அடுக்கினால் மட்டை வரிசைகளுக்கு இடையில் தண்ணீர் ஓடையாகப் பாயும். மரங்களுக்கு நடுவில் வளரும் பெரணியைச் சுத்தமாக வழித்தெடுக்காதீர்கள். மரத்தடி வட்டமும் குலை தூக்கும் பாதையும் சுத்தமாக இருந்தால் போதும். தோட்டம் முழுவதும் பொட்டலாகக் கிடந்தால்தான் அழகு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அழகுக்கு விலை மண்.

அடுத்தது செம்மண் சாலை. பலரும் இதைக் கவனிப்பதில்லை. லோரி ஓடி இறுகிய சாலையில் மழைநீர் உள்ளே இறங்க வழியில்லாமல் முழுவதும் ஓரமாக ஓடி நேரே வாய்க்காலில் இறங்கும். சாலையோரத்தில் இடையிடையே சிறு வெட்டுகள் வெட்டி அந்தத் தண்ணீரை மர வரிசைகளுக்குள் திருப்பிவிட்டால் அது அங்கேயே ஊறிவிடும். ஒரு மண்வெட்டியும் ஒரு நாள் வேலையும் போதும். இதைவிட மலிவான திருத்தம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

மூன்றாவது, கரை. ஆற்றோரம் வரை செம்பனை நட்டு, கரைப் புல்லுக்கும் மருந்து அடித்தால் கரை சரியாமல் என்ன செய்யும்? வடிகால் நீர்ப்பாசன இலாகாவான ஜேபிஎஸ்-இன் வழிகாட்டி ஆற்றின் அகலத்தைப் பொறுத்து ஒதுக்க வேண்டிய கரையைச் சொல்கிறது. ஆறு 5 மீட்டருக்குள் என்றால் கரையில் 5 மீட்டர், 10 வரை என்றால் 10, 20 வரை என்றால் 20, 40 வரை என்றால் 40, அதற்கு மேல் அகலமென்றால் 50 மீட்டர். அந்தப் பட்டைக்குள் உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். சரியும் கரையில் வெட்டிவேரை நெருக்கமாக ஒரு வரிசை நடலாம். வேர் நேரே கீழே இறங்கி மண்ணைப் பிடிக்கும். தழை வேலிபோல் நின்று வண்டலை வடிகட்டும். ஆறு கீழே போகும் வழியில், கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் கூட்டமாக மின்னும் மின்மினிகளைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். அந்தப் பூச்சியின் புழுப்பருவம் ஆற்றங்கரை ஈரத்தில் வாழும் நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரை போனால் நத்தை போகும், நத்தை போனால் மின்மினி போகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மழையே இல்லாத நாட்களிலும் ஆறு கலங்கி வருகிறதென்றால் அது உங்கள் நிலத்து வேலையாக இருக்க வாய்ப்பில்லை. மேலே மணல் எடுக்கிறார்களா, நிலத்தைத் தோண்டுகிறார்களா என்று பாருங்கள். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் நிறைந்த வட்டாரம் இது.

தண்ணீர் பச்சையாகிறது, ஆகாயத்தாமரை மூடுகிறது, விடியலில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது

இவை மூன்றும் ஒரே நோயின் மூன்று கட்டங்கள். தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிஞ்சிவிட்டன. பாசி பெருகுகிறது. பகலில் அது ஆக்சிஜனை விடும், இரவில் மற்ற உயிர்களைப்போலத் தானும் எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். பெரிய மீன்கள் முதலில் சாகும். பகல் பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் மிச்சமிருக்கும் மீன்கள் நன்றாகவே நீந்தும், காரணம் புலப்படாது. ஐயமிருந்தால் ஒரு நாள் விடியுமுன் போய்ப் பாருங்கள்.

மூலம் பெரும்பாலும் உரம்தான். இங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு.

"மண்டோர் அண்ணே, நாளைக்கு நல்ல மழை இருக்காம். இன்னிக்கே யூரியாவைப் போட்டுட்டா கரைஞ்சு உள்ள போயிடும்ல?"

"உள்ள போகாது தம்பி, வெளிய போகும். மண்ணு ஈரமா இருக்கணும், ஆனா பெருமழை வரக்கூடாது. ரெண்டும் வேற வேற."

மண்டோர் சொன்னதுதான் சரி. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. காய்ந்த மண்ணின் மேல் கிடந்தால் அது அமோனியாவாகிக் காற்றில் போகும். கொட்டும் மழையில் கிடந்தால் வாய்க்காலுக்குப் போகும். நம் மேற்குக் கரையில் மழை உச்சத்தைத் தொடுவது பொதுவாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும். அந்த மாதங்களைத் தவிர்த்து உர வேலையை வையுங்கள். ஆண்டு அளவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். லோரி வந்துவிட்டது, ஆள் கிடைத்துவிட்டது என்பதற்காக மேகம் கறுத்த நாளில் போட்டு முடிப்பதுதான் எனக்கு மிகவும் மனவேதனை தரும் காட்சி. வட்டிக்குக் கடன் வாங்கி உரம் வாங்கிய குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பணம்தான் ஆற்றில் பச்சையாக மிதக்கிறது.

போடும் இடமும் முக்கியம். இளங்கன்றுக்கு அதன் வட்டத்துக்குள் போட வேண்டும். வளர்ந்த மரத்தில் வேர் வெளியே பரவியிருக்கும். மரத்தடி வட்டமோ ஆள் நடந்து இறுகிப்போன கட்டாந்தரை. அங்கே போடுவதைவிட அடுக்கிய மட்டைகளின் மேலும் ஓரத்திலும் தூவுவது நல்லது. அங்கே மண் பொலபொலவென்று இருக்கும், உணவு எடுக்கும் நுண்வேரும் அங்கேதான் அதிகம்.

எவ்வளவு போடுவது? பக்கத்துத் தோட்டத்துக்காரர் போடும் அளவைப் பார்த்துப் போடாதீர்கள். வளர்ந்த செம்பனையில், முழுதாக விரிந்த முதல் மட்டையிலிருந்து எண்ணி 17ஆம் மட்டையின் இலையை எடுத்துச் சோதித்தால் மரத்துக்கு எது குறைவு, எது மிச்சம் என்று தெரியும். சிறு தோட்டக்காரர்களுக்கு வழிகாட்டவே மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் துனாஸ் அதிகாரிகள் இருக்கிறார்கள். நிலைத்த முறையில் செம்பனை வளர்ப்பதற்கான மலேசியச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 முதல் கட்டாயமாகிவிட்டதால், உரம் போட்ட நாளையும் அளவையும் எப்படியும் எழுதி வைக்கத்தான் வேண்டும். அதே ஏட்டில் மழையையும் வாய்க்கால் நிறத்தையும் ஒரு வரி எழுதினால் அடுத்த ஆண்டு உங்களுக்கே பாடமாகும்.

ஆகாயத்தாமரைக்கு மருந்து அடிக்காதீர்கள். அடித்தால் அது அங்கேயே மூழ்கி அழுகி, இருக்கும் ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். அது குடித்த சத்து திரும்பத் தண்ணீருக்கே போகும். கரையேற்றி இழுத்துப் போட்டு மக்க விடுங்கள். போன உரத்தில் கொஞ்சம் திரும்பி வந்ததாக இருக்கட்டும்.

தண்ணீர் அளவுக்கு மீறித் தெளிந்திருக்கிறது, கல்லும் மண்ணும் ஆரஞ்சு நிறம், ஒரு மீன்கூட இல்லை

தெளிந்த தண்ணீரைப் பார்த்து மகிழ்ந்து ஏமாறும் இடம் இது. ஜெராம், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் பக்கமுள்ள கடலோரத் தாழ்நிலங்களில் பல இடங்களில் மேல்மண்ணுக்குக் கீழே, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் கலந்த சாம்பல்நிறக் களிமண் இருக்கிறது. தண்ணீருக்குள் கிடக்கும் வரை அது ஒன்றும் செய்யாது. வாய்க்காலை ஆழமாக வெட்டி நிலத்தடி நீரை இறக்கினால் அந்த அடுக்கில் காற்றுப் படும். பைரைட் கந்தக அமிலமாக மாறும். அமிலம் மண்ணிலிருந்து இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக்கொண்டு வரும். அலுமினியம் மிதக்கும் களிமண்ணைத் திரட்டி அடியில் படிய வைப்பதால்தான் தண்ணீர் அவ்வளவு தெளிவு, சில நேரம் இலேசான நீலப்பச்சை. மீனின் செவுளை அழிப்பதும் அதே அலுமினியம்தான்.

பிஎச் தாளை நனையுங்கள். 4க்குக் கீழே காட்டினால் ஏறக்குறைய உறுதி. இன்னும் தெளிவு வேண்டுமென்றால் வாய்க்கால் அடியிலிருந்து சாம்பல்நிறச் சேற்றை ஒரு கை எடுத்துப் பிளாஸ்டிக் தாளில் பரப்பி, ஈரம் காயாமல் சில வாரம் நிழலில் வையுங்கள். எடுக்கும்போது பிஎச் 6, 7 என்று இருந்தது 4க்குக் கீழே இறங்கி, வைக்கோல் மஞ்சளில் புள்ளிகள் தெரிந்தால் ஐயமே வேண்டாம்.

இதற்கு மருந்து தண்ணீர்தான். வாய்க்காலில் பலகைத் தடுப்பு வைத்து நீர்மட்டத்தை அந்தச் சாம்பல் அடுக்குக்கு மேலே நிறுத்துங்கள். செம்பனைக்கு நிலமட்டத்திலிருந்து 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீர் நின்றால் வேருக்கும் கேடில்லை. வாய்க்காலை அந்த அடுக்குக்குள் தோண்டவே கூடாது. ஏற்கெனவே தோண்டிக் கரையில் குவித்த சேறு மழைக்கு மழை அமிலம் கக்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் அரைத்த சுண்ணாம்புக்கல்லைத் தூவிக் கலந்துவிடுங்கள். ஓடும் வாய்க்காலில் சுண்ணாம்பைக் கொட்டினால் அன்று மட்டும் பிஎச் ஏறும், மறுவாரம் பழையபடி இறங்கும்.

நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழையில் மிகுந்த கவனம் வேண்டும். மாதக்கணக்கில் சேர்ந்த அமிலம் ஒரே நாளில் இறங்கும். அன்று தடுப்புப் பலகைகளை மொத்தமாகத் தூக்கிவிட்டால் கீழே உள்ளவர்களின் மீன் குளம் போய்விடும். ஆறு நிறைந்து ஓடும் காலத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, கீழே உள்ளவர்களிடம் சொல்லிவிட்டுத் திறங்கள்.

மேலே வானவில் நிறத்தில் படலம்

குச்சியால் கலையுங்கள். ஓடுபோல் உடைந்து துண்டு துண்டாகப் பிரிந்து நின்றால் அது இரும்புப் பாக்டீரியா. எண்ணெய் அல்ல, கேடும் இல்லை. உடனே மீண்டும் ஒன்று கூடினால் டீசலோ எந்திர எண்ணெயோதான். டிராக்டர் நிற்கும் இடத்தையும் டீசல் தோம்பையும் பாருங்கள்.

கறுப்புத் தண்ணீர்

ராஜா மூசா பக்கத்தில், மக்கிய தழைகள் சேர்ந்து உண்டான கரிமண் சதுப்புக் காட்டிலிருந்து வரும் தண்ணீர் இயற்கையாகவே கறுப்பு. புட்டியில் பிடித்தால் ஒளி ஊடுருவும் பழுப்பாக இருக்கும், நாற்றம் இராது. அதைப் பார்த்து யார் மீதும் புகார் கொடுக்க வேண்டாம்.

புட்டியிலும் ஒளி புகாத அடர் பழுப்பாகவும், புளித்த நாற்றத்தோடும், சில நேரம் வெதுவெதுப்பாகவும் வந்தால் அது எண்ணெய் ஆலைக் கழிவாக இருக்கலாம். ஆலையை விட்டு வரும் கழிவு 80, 90 பாகை சூட்டில், அமிலத்தன்மையோடு, லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் பிஓடி அளவில் இருக்கும். தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதைக் காட்டும் கணக்குதான் பிஓடி. குட்டை குட்டையாகக் கடத்திப் பக்குவப்படுத்தி 100க்குள் கொண்டுவந்த பிறகே ஆற்றில் விடலாம் என்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்த விதி. சில ஆலைகளின் உரிமத்தில் அளவு இன்னும் கடுமை. இரவிலும் பெருமழையிலும் மட்டும் நாற்றம் வருகிறதென்றால் குட்டை நிரம்பி வழிகிறது, அல்லது திறந்துவிடுகிறார்கள்.

ஆலைமேல் பழி போடுமுன் உங்கள் தோட்டத்தையும் பாருங்கள். பழம் உதிர்த்த வெறும் குலைகளை லோரி கொட்டிய இடத்திலேயே மலையாக விட்டிருந்தால் அடியிலிருந்து இதே கறுப்புச் சாறு வடியும், ஈயும் பெருகும். வாய்க்காலை விட்டுத் தள்ளி, மர வரிசைகளுக்கு நடுவில் ஒரே அடுக்காகப் பரப்பினால் அதுவே நல்ல பொட்டாஷ் உரம்.

பால்போல் வெளுத்த தண்ணீர், செத்த இறால்

இது அவசரம். பூச்சி மருந்துகளில் பல தண்ணீரில் பட்டதும் வெள்ளையாகும். இறாலும் நீர்ப்பூச்சியும் முதலில், பிறகு சின்னது பெரியது என்ற பேதமில்லாமல் மீன், அதுவும் நாளின் எந்த வேளையிலும் செத்தால் ஆக்சிஜன் குறைவு அல்ல, நஞ்சு. காண்டாமிருக வண்டுக்காக இளஞ்செம்பனையின் குருத்தில் அடிக்கும் சைபர்மெத்ரின் மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் மீனையும் கொல்லும். செத்து மிதப்பதை யாரும் அள்ளிச் சமைக்கக் கூடாது. மாட்டையும் பிள்ளைகளையும் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள்.

காரணம் அனேகமாக மருந்தடிக்கும் பம்பை நிரப்பும் இடத்திலும் கழுவும் இடத்திலும்தான் இருக்கும். மருந்து கலக்கும் இடத்தை வாய்க்காலை விட்டு எட்ட வையுங்கள். தண்ணீரைத் தோம்பில் கொண்டுபோய் அங்கே கலக்குங்கள். காலிப் புட்டியை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை அன்றைய பம்பிலேயே ஊற்றி நிலத்தில் அடித்துவிட வேண்டும். பிறகு புட்டியில் ஓட்டை போடுங்கள், யாரும் தண்ணீர் பிடிக்க எடுத்துப் போகாமல் இருக்க. பராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. பழைய இருப்பு எங்கேனும் கிடந்தால் வாய்க்காலில் கொட்டாமல் விவசாய இலாகாவிடம் சொல்லுங்கள்.

மாட்டுக் கொட்டகைக்குக் கீழே நாற்றமும் நுரையும், கிணற்று நீரில் ஐயம்

லயத்துக் காலத்திலிருந்து நம் குடும்பங்களோடு வந்தவை மாடுகள். அவற்றை விடச் சொல்லவில்லை. மழைநீரையும் சாணத்தையும் சேரவிடாமல் பிரித்தாலே பெரும்பகுதி தீரும். கூரை விளிம்பில் தகரப் பீலி வைத்து மழைநீரைத் தனியே வெளியேற்றுங்கள். சாணத்தை மேடான தரையில், கூரைக்குக் கீழே குவித்து மக்க வைத்தால் காய்கறித் தோட்டக்காரர்கள் தேடி வந்து வாங்குவார்கள். மூத்திரம் ஓடும் கால்வாயை வாய்க்காலில் விடாமல் நேப்பியர் புல் பாத்தியில் விடுங்கள். புல் மீண்டும் மாட்டுக்கே ஆகும். நாட்டின் விதிப்படி குடிநீருக்கு எடுக்கும் ஆற்று நீரில் அமோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அது ஏறினால் நிலையத்தையே நிறுத்த வேண்டியதாகும்.

கிணறு கொட்டகையிலிருந்தும் சாணக் குவியலிலிருந்தும் 30 மீட்டராவது எட்ட இருக்கட்டும். உரத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் ஊறும் நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினால் போகாது, தண்ணீர் ஆவியாகச் சுண்டி, அது இன்னும் அடர்த்தியாகும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கக் கிணற்று நீர் வேண்டவே வேண்டாம்.

உங்கள் எல்லைக்கு மேலிருந்தே கெட்டு வருகிறது என்றால்

பக்கத்துத் தோட்டக்காரர் என்றால் முதலில் போய்ப் பேசுங்கள், கையில் இரண்டு புட்டியோடு. ஒன்று அவர் நிலத்துக்குள் நுழையும் தண்ணீர், மற்றொன்று வெளியேறும் தண்ணீர். ஆலை, பெரிய பண்ணை, நஞ்சு என்றால் காத்திருக்க வேண்டாம். சுற்றுச்சூழல் இலாகாவுக்கும், சிலாங்கூரில் லுவாஸ் எனப்படும் நீர் நிர்வாக வாரியத்துக்கும் உடனே தெரிவியுங்கள். இடம், நேரம், நிறம், நாற்றம், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பவற்றைச் சொல்லுங்கள். கெட்ட கிளையும் நல்ல கிளையும் சேரும் இடம் ஒரே படத்தில் தெரியும்படி போனில் எடுத்து அனுப்புங்கள். வழக்குக்கு உதவுவது அதிகாரி முறைப்படி எடுத்துப்போகும் மாதிரிதான். தண்ணீர் ஓடிப்போன பிறகு அவர் வந்தால் எடுக்க ஒன்றும் இருக்காது. அதனால் நாற்றம் வந்த அந்த வேளையிலேயே, இரவானாலும் கூப்பிடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.